இறால் சுவைச் சோயாவும் ஒரு புது மருமகனும்

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் போய்ப் பாஹிமாவின் வீடு எது என்று கேட்டால் ஊர் குழம்பும். அந்த ஒழுங்கையில் மட்டும் நாலைந்து பாஹிமாக்கள் இருக்கிறார்கள். கூப்பன் பாஹிமா என்று கேட்டுப் பாருங்கள், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள்.

அவள் பிறந்த காலத்தில் அரிசிக்கும் சீனிக்கும் அரசாங்கம் கூப்பன் கொடுத்தது. பெண்பிள்ளை என்று கேள்விப்பட்டதும் வாப்பா முதலில் அல்ஹம்துலில்லாஹ் என்றாராம், அடுத்த மூச்சில் கூப்பன் புத்தகத்தில் இன்னொரு பேர் ஏறுமே என்றாராம். அரசாங்கம் அந்தக் கூப்பனைப் பிறகு நிறுத்திவிட்டது. பாஹிமா நிறுத்தவில்லை.

சவர்க்காரத்தின் மேலுறை, தேயிலைப் பக்கற்றின் மூலை, பால்மாப் பெட்டியின் மூடி, பத்திரிகையில் புள்ளிக்கோடு போட்டு அடைத்த சதுரம், எதுவும் அவளுடைய கத்தரிக்கோலுக்குத் தப்பியதில்லை. பெருநாளுக்குத் துணிக்கடை கொடுக்கும் விலைக்கழிவுத் துண்டு, கோழிக்கடைக்காரன் நோன்புக்கு அச்சடித்த அட்டை எல்லாம் ஒரு பெரிய பிஸ்கற் டின்னுக்குள் வகைவகையாகக் கிடக்கும். றஊப், அதாவது அவளுடைய புருசன், பத்திரிகை வாசிக்கும்போது உதைபந்தாட்டச் செய்தியின் நடுவில் ஒரு சன்னல் இருக்கும். அந்தச் சன்னல் வழியாகப் பெண்சாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கோல் அடித்தவன் யார் என்று அவர் ஊகித்துக்கொள்வார்.

வீட்டைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. சுவரில் மணிக்கூடு தேயிலைக் கம்பனியுடையது. கோப்பைகளில் பால்மாவின் பசுமாடு சிரிக்கும். குடை வங்கியுடையது, வாளி சவர்க்காரத்துடையது. றஊப் சாரத்துக்கு மேலே போட்டுக்கொள்ளும் பெனியனின் முதுகில் ஒரு டயர் படம். எல்லாம் சும்மா வந்தவை. சும்மா வந்தவை என்று பாஹிமா சொல்லுவாள். இந்தக் கோப்பைகளுக்காக ஒரு வருசம் முழுக்க அந்த வீடு பால் குடித்துப் பால் குடித்துச் செமியாமல் கிடந்ததை றஊப்தான் ஞாபகம் வைத்திருந்தார். தின்னாத சாமான் சும்மா வந்தாலும் அதுக்கும் விலை இருக்குது என்று ஒருநாள் துணிந்து சொல்லியும் பார்த்தார். பாஹிமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

றஊப்புக்குக் கல்முனைப் பஸாரில் சைக்கிள் சாமான் கடை. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தொலைக்காட்சியில் பின்னேரம் போகும் ஒரு சிரிப்பு நிகழ்ச்சி. உலகத்தின் ஏதேதோ மூலைகளில் மனிதர்கள் வழுக்கி விழுகிற, கலியாண மண்டபத்துக்குள் ஆடு புகுந்து கேக்கைத் தின்கிற, படம் பிடிக்கிறவர் பின்னுக்குப் பின்னுக்குப் போய் குளத்துக்குள் இறங்கிவிடுகிற துண்டுத் துண்டுக் காட்சிகள். கண்ணீர் வரச் சிரிப்பார். அடுத்த நாள் கடையில் டியூப் வாங்க வந்தவனைப் பிடித்து வைத்து அந்த ஆட்டை நடித்துக் காட்டுவார்.

பாஹிமாவுக்கு அந்த நிகழ்ச்சியைக் கண்ணில் காட்டக்கூடாது. அவள் பார்ப்பது விளம்பரம். எந்தக் கம்பனி என்ன கொடுக்கிறது, எத்தனை மூலை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தானே வருகிறது. ஆகவே இருவருக்கும் சண்டை வந்ததில்லை. விளம்பரம் தொடங்கினால் றஊப் எழும்பிப் பின்வளவுக்குப் போவார், பாஹிமா குசினியிலிருந்து வந்து அதே கதிரையில் உட்காருவாள். விளம்பரம் முடிந்தால் அவள் உள்ளே போவாள், அவர் திரும்ப வருவார். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தும் அவர்கள் ஒரே காட்சியைப் பார்த்ததில்லை.

இந்த வீட்டுக்குத்தான் றிஸ்மி மருமகனாக வந்து சேர்ந்தான்.

எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வந்தவரைக் கண்ணாடிச் சாமான் போல வைத்துப் பார்க்க வேண்டும். மாமி அவருக்கு முன்னால் முழுசாக வந்து நிற்பதில்லை, முகம் பார்த்துக் கதைப்பதில்லை. குசினிக்கும் முன்கூடமான சாலைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை இருக்கும். மாமியின் அன்பெல்லாம் அந்தச் சீலைக்குப் பின்னாலிருந்து பீங்கானில் ஏறித்தான் வர வேண்டும். மருமகனுக்கும் சட்டம் இருக்கிறது. கேட்டு வாங்கித் தின்னக்கூடாது. வைத்ததைக் குறை சொல்லவே கூடாது. போதும் என்று சொல்லலாம், ஆனால் அது வெட்கத்தில் சொன்னதாக எடுக்கப்பட்டு இன்னொரு அகப்பை விழும்.

றிஸ்மி கல்முனைக்குடிப் பொடியன். பஸாரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தான். வாப்பாவுக்குக் கடலில் தோணிகள் ஓடின. கரைக்கு வந்த மீன் துடிப்பு அடங்குமுன் சட்டிக்குள் போகிற வீட்டில் வளர்ந்தவன். பெட்டி கட்டுகிற அன்றைக்கு அவனுடைய உம்மா ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினார்: அங்க என்னத்த வெச்சாலும் நல்லா இரிக்கி எண்டு சொல்லு மகன்.

முதல் மூன்று நாளும் கோழி, மாட்டிறைச்சி, வட்டிலப்பம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், பாஹிமா பத்து நாளுக்கு இழுத்தாள். அதில் அவள் கஞ்சத்தனம் காட்டினாள் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஸம்றா ஒரே மகள். வாசலில் புதிதாக ஒரு சோடி ஆண் செருப்பு கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பதினோராம் நாளோ என்னவோ வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தது. தோணி இறங்கவில்லை, மீன் இல்லை, கோழிக்கடையும் பூட்டு. பாஹிமா பதறிப்போய் அலுமாரியைத் திறந்தாள். ‘பொன்கதிர்’ கம்பனியின் இறால் சுவைச் சோயா ஒரு பக்கற் கிடந்தது. தேங்காய்ப்பாலும் மிளகும் போட்டுப் பிரட்டி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள். சீலைக்குப் பின்னால் நின்றபடி ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள்.

றிஸ்மி ஒரு வாய் வைத்தான். அது இறாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, பஞ்சு மெத்தையிலிருந்து பிய்த்த மாதிரி ஒன்று. உம்மா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. நல்லா இரிக்கி என்றான். ஸம்றா அதைக் குசினிக்குக் கொண்டுபோகும்போது, மனிசியல்லவா, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தாள்.

"உம்மா, அவருக்கு நல்லாப் புடிச்சிட்டாம். இப்பிடி ஒரு கறிய அவர் தின்டதே இல்லியாம்."

அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

அல்லாஹ்வின் ஏற்பாடு என்று பாஹிமா நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அதே கிழமை பொன்கதிர்க் கம்பனி விளம்பரம் போட்டது. பக்கற்றின் மஞ்சள் மூலைகளை வெட்டி அனுப்பினால் கூப்பன். கூப்பனைக் கடையில் காட்டினால் விலையில் கழிவு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குலுக்கலில் விழுகிற அதிர்ஷ்டக் குடும்பத்தைத் தேடித் தொலைக்காட்சிக்காரர்களே வீட்டுக்கு வருவார்கள். மருமகனுக்குப் பிடித்ததும் கூப்பன் உள்ளதும் ஒரே பக்கற்றுக்குள் வந்தால் ஒரு மனிசி என்னதான் செய்வாள்?

சோயாப் பிரட்டல். சோயாப் பொரியல். சோயாப் புரியாணி. முருங்கைக்கீரை போட்ட சோயா. நோன்பு வந்தபோது நோன்புக் கஞ்சியிலும் சோயா மிதந்தது. இதில் கொடுமை என்னவென்றால் அது மருமகனுக்கு மட்டும் செய்யப்படுகிற விசேசம். மற்றவர்களுக்கு வழக்கம்போல மீனாணம், அதாவது மீன் குழம்புதான். ஒரே பாயில் எதிரே இருந்து மாமனார் பாரை மீனின் வயிற்றுத் துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பார். இவன் பஞ்சு மெத்தையை மென்றுகொண்டு அந்த வயிற்றுத் துண்டைப் பார்ப்பான். றஊப் ஒருநாள் மனம் கேட்காமல் தன் பீங்கானிலிருந்து ஒரு துண்டை நீட்டினார். சீலைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. மருமகனுக்கு எச்சில் பீங்கானிலிருந்து கொடுக்கிற வீடா இது என்று அந்த இருமலுக்குப் பொருள். துண்டு திரும்பிப் போனது.

பெண்சாதியிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். புதுசு. அவள் ஒவ்வொரு நாளும் உங்களுக்காகத்தான் உம்மா மெனக்கெட்டுச் செய்தா என்று கண் நிறையப் பெருமையோடு கொண்டுவந்து வைக்கிறாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு இது வேண்டாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் தோணிக்கார முதலாளியின் மகனுக்கு இருக்கவில்லை.

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வராமல் கல்முனைக்குடிக்குப் போய் உம்மாவின் கையால் மீனும் சோறும் தின்றுவிட்டு வருவது. வந்து பசியில்லை என்பது.

ஒருநாள் பசியில்லை என்றால் வயிற்றுக் கோளாறு. ஒவ்வொரு நாளும் பசியில்லை என்றால் அது மனக் கோளாறு. ஸம்றாவின் முகம் வாடத் தொடங்கியது. அவர் ஒவ்வொரு பின்னேரமும் உம்மா வீட்டில்தான் இருக்கிறாராம் என்று யாரோ வாய் நீண்டவர்கள் சொல்லிவிட்டார்கள். புது மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்கு நடையாய் நடக்கிறான் என்றால் ஊர் அதற்கு ஒரு பொருள்தான் எடுக்கும். ஸம்றா குசினி மூலையில் இருந்து அழுதாள்.

"அவருக்கு இந்த வீடு புடிக்கல்ல உம்மா. ஒரு நாளைக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவார்."

பாஹிமா தன் வீட்டில் எங்கே பிழை என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். மெத்தை பழசோ என்று புது மெத்தை வாங்கினாள். றஊப்பின் சிரிப்புச் சத்தம் காதைக் குடைகிறதோ என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பாவம், றஊப் ஒரு கிழமை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்குவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. கடைசியில் பாஹிமா ஒரு முடிவுக்கு வந்தாள். மருமகனுக்குப் பிடித்த ஒரே சாமான் இந்த வீட்டில் சோயாதான். அதை இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். சோயா அமிர்தமும் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. குலுக்கலில் பாஹிமாவின் பேர் விழுந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளை வேன் ஒன்று ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் நுழைந்தது. கமரா தூக்கியவர் ஒருவர், பளபளவென்று உடுத்து, சிரிப்பை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்த மாதிரி ஓர் அறிவிப்பாளர் பெண், பெட்டி பெட்டியாகச் சாமான் இறக்கும் ஆட்கள். ஒழுங்கை முழுக்க மதிலுக்கு மேலே முளைத்தது. பாஹிமா பெருநாள் அபாயாவைப் போட்டுக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். அந்த வீட்டில் பொன்கதிரை அதிகம் விரும்புகிறவர் யார் என்று அறிவிப்பாளர் கேட்டாள். எங்கட மருமகன்தான் என்று சீலை பதில் சொன்னது.

றிஸ்மியைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். கையில் பீங்கான், பீங்கானில் ஆவி பறக்க இறால் சுவைச் சோயா. முகத்துக்கு நேரே கமரா. சாப்பிட்டுவிட்டு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றாள் அறிவிப்பாளர். இந்த ஒரு நாளையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்து அவன் ஒரு பெரிய துண்டை வாய்க்குள் போட்டான். அப்போது அவள் பெட்டிகளைக் காட்டிப் பரிசை அறிவித்தாள். இந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான பொன்கதிர்ச் சோயா முற்றிலும் இலவசம்.

ஒரு வருடம் என்ற சொல் காதுக்குள் போகவும், துண்டு தொண்டைக்குள் போகவும் சரியாக இருந்தது. போன துண்டு அங்கேயே நின்றுவிட்டது. றிஸ்மி இருமினான். கண் பிதுங்கியது. முகம் சிவந்து பிறகு நீலம் பாரித்தது. அறிவிப்பாளரின் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. கமராக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரைச்சீலை பறந்தது. வழக்கமும் தெரியவில்லை, கமராவும் தெரியவில்லை பாஹிமாவுக்கு. ஓடிவந்து மருமகனைக் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். துண்டு தெறித்துப் போய் அறிவிப்பாளரின் சப்பாத்தில் விழுந்தது. தன் கையாலேயே பால்மாக் கோப்பையில் தண்ணீர் பருக்கி, அபாயாவின் கையால் அவனுடைய முகத்தைத் துடைத்து, முதன்முதலாக அவனை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்:

"என்ன மகன்? என்ன வேணும், சொல்லுங்க?"

றிஸ்மி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணால் தண்ணீர் ஓடியது. மூச்சு வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாமி, எனக்கு மீன் தாங்க."

முதலில் றஊப் சிரித்தார். ஒரு கிழமையாகப் பொத்தி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. அவருக்குப் பின்னால் மதில் முழுக்கச் சிரித்தது.

பாஹிமா சிரிக்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தாள், சிந்திக் கிடந்த சோயாவைப் பார்த்தாள், குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எல்லாவற்றையும் விட, ஒரு பிள்ளை தன் கையால் இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறதே என்ற வேதனை அவளைப் போட்டு அரித்தது. வேன் போன பிறகு பார்த்தால் மருமகனையும் காணவில்லை. மோட்டார் சைக்கிளையும் காணவில்லை. ஜும்ஆவுக்குப் போயிருப்பார் என்றார் றஊப். தொழுகை முடிந்து அவர் திரும்பி வந்தார், மருமகன் வரவில்லை. ஸம்றா உடுப்புப் பெட்டி அறைக்குள் இருக்கிறதா என்று நாலு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுதாள். பாஹிமாவுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. அம்மிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

அசர் நேரம், வெயில் தாழும்போது, குசினியின் பின்கதவு தட்டுப்பட்டது. மருமகன்மார் வருகிற வாசல் இல்லை அது. திறந்தால் றிஸ்மி நிற்கிறான். காலெல்லாம் கடல் மணல். கையில் நல்ல பெரிய பாரை, செவுளில் கயிறு கோத்துத் தொங்குகிறது. வாப்பாவின் தோணி வரும் வரைக்கும் கரையில் காத்து நின்றிருக்கிறான்.

"இத ஆக்கித் தாங்க மாமி. பிழை என்ட பக்கந்தான். ஒரு நாள் நல்லா இரிக்கி எண்டு சொல்லிப்போட்டன். மறுகா எப்பிடி நிப்பாட்டுற எண்டு தெரியல்ல."

"வாய் இரிக்கித்தானே மகன். ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே."

"வாய் நிறையச் சோயாவெல்லோ இரிந்திச்சி மாமி."

பாஹிமா சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பும் அழுகையுமாகப் பாரையை வாங்கி, அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினாள். கொறுக்காய்ப் புளி கரைத்து, உறைப்புத் தூக்கலாக அவள் காய்ச்சிய மீனாணத்தை அன்றைக்கு றிஸ்மி போதும் என்று சொல்லாமல் தின்றான். வயிற்றுத் துண்டு அவனுக்கே விழுந்தது. றஊப்புக்கு வால். மாமனாருக்கு அந்த வீட்டில் அன்றோடு மதிப்புக் குறைந்துவிட்டது.

ஒரு வருடத்துச் சோயாவை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பாஹிமா ஒழுங்கை முழுக்கப் பங்கு வைத்தாள். வேண்டாம் என்றவர்களுக்கு வெட்கம் என்று நினைத்து இரண்டு பக்கற் கூடக் கொடுத்தாள். அந்த மாதம் அவளைத் தூரத்தில் கண்டாலே சனம் மற்ற ஒழுங்கையால் திரும்பியது.

கூப்பனை விட்டுவிட்டாளா என்றால், இல்லை. மூச்சை விடச் சொன்னால் விட முடியுமா? ஆனால் பெரிய பிஸ்கற் டின் போய்ச் சின்னத் தேயிலை டின் வந்தது. வீட்டில் அன்றாடம் புழங்குகிற சவர்க்காரம், தேயிலை, மா, இவ்வளவுக்கும்தான் இப்போது கத்தரிக்கோல். புது விளம்பரம் எது வந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் இது நமக்கு வேணுமா என்று வீட்டாரைக் கேட்கிறாள். றஊப்பின் பத்திரிகையில் சன்னல்கள் குறைந்துவிட்டன. கோல் அடித்தவன் யார் என்று அவருக்கு இப்போது அன்றைக்கே தெரிகிறது.

கம்பனி அந்தப் படத்தை விளம்பரத்துக்கு எடுக்கவில்லை. எப்படி எடுக்கும்? ஆனால் அறிவிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, பின்னேரச் சிரிப்பு நிகழ்ச்சியில் போடலாமா என்று அனுமதி கேட்டாள். தொலைபேசியை எடுத்தவர் றஊப். பெண்சாதியைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை, மருமகனிடம் மட்டும் காதோடு காதாகக் கேட்டுவிட்டு ஓம் என்று சொல்லிவிட்டார். சனமெல்லாம் விழுந்து எழும்புகிற அந்த நிகழ்ச்சியில் தன் வீடு வருவதை விட அவருக்கு வேறு என்ன பேறு?

நிகழ்ச்சி போகிற அன்றைக்கு எல்லோரும் சாலையில் கூடினார்கள். திரைச்சீலை தூக்கிக் கட்டியிருந்தது. பாஹிமா கோபமாகத்தான் வந்து உட்கார்ந்தாள். ஊர் உலகத்துக்கு முன்னால் என்னை நாறடித்துவிட்டீர்கள் என்று புருசனைப் பேசிக்கொண்டே இருந்தாள். வழுக்கி விழுந்த ஒருவருக்கும் குளத்தில் இறங்கிய ஒருவருக்கும் பிறகு அவர்களுடைய சாலை வந்தது. பஞ்சு மெத்தை, இருமல், பறக்கும் சீலை, முதுகில் விழுந்த அறை, அறிவிப்பாளரின் சப்பாத்து. றஊப் கதிரையிலிருந்து கீழே சரிந்துவிட்டார். ஸம்றா முந்தானையால் வாயை மூடினாள். மாமி, எனக்கு மீன் தாங்க என்றது தொலைக்காட்சி. காட்சி முடிந்துவிட்டது.

பாஹிமா அசையாமல் இருந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோயா மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. இப்போதுதான் மற்றதைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை மூச்சுத் திணறுகிற நேரத்தில் யாருடைய கையைப் பிடித்திருந்தான் என்பதை.

அதைத் திரும்பப் போடச் சொல்லுங்க என்றாள். தொலைக்காட்சி அப்படித் திரும்பப் போடாது என்று றஊப் விளக்கினார். றிஸ்மி தன் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்ததை எடுத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாமியின் கையில் கொடுத்தான். அவள் சோயாவையும் இருமலையும் விரலால் தள்ளிவிட்டு, அவன் மாமி என்று கூப்பிடுகிற இடத்துக்கு மட்டும் வந்து வந்து நின்றாள். திரும்பவும் போட்டாள். திரும்பவும் கேட்டாள்.

இதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. றஊப் வழக்கம்போல எழும்பிப் பின்வளவுக்குப் போனார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று தொலைக்காட்சி கத்தியது. பாஹிமா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நாளைக்கு என்ன மீன் ஆக்கிற மகன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.